தலைக்கு வெளியே ஒரு நோய்

வழுக்கை விழுவது பெரிய விஷயமில்லை. அதை மறைத்துவிட்டோம் என்று நம்புகிறோம் பாருங்கள், அங்கேதான் புத்தியும் சேர்ந்து உதிர்ந்துவிடுகிறது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கலைச்செல்வி, ஸ்ரீவில்லிபுத்தூர். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுபவன். இடது காதோர முடியை வலது காதுவரை இழுத்துப் படியவைத்து, என்னைப் பொறுத்தவரை அடர்த்தியாகத்தான் இருந்தேன். ஆனாலும் கல்யாண போட்டோ காலத்துக்கும் நிற்குமே. வெளிநாடு போய் முடி நட்டுக்கொள்வதென்று முடிவெடுத்தேன். (எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?) நட்டது முளைக்கும்வரை ஊர்க்கண்ணில் படக்கூடாது. அதனால் மூன்று மாதம் அங்கேயே தங்க ஒரு மருத்துவ விசா வேண்டும்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் விசா ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன்.

"முடி நடுறதுக்கெல்லாம் அம்புட்டு நாள் மெடிக்கல் விசா தரமாட்டாவ தம்பி. அது நோயில்ல, ஆச," என்றார்.

"நோய்னு சொல்லிட்டா?"

"சொன்னா பொறவு நோயாளியா இருக்கணும்."

"இருக்கேன் அண்ணாச்சி. மூணு மாசம் தங்கி வைத்தியம் பாக்கலன்னா என் வாழ்க்கையே போச்சு. வீட்ல மட்டும் தெரியக்கூடாது," என்று கெஞ்சினேன்.

மாடித்தொட்டி காலியாகித் தண்ணீர் எப்போதோ நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. கதவுக்கு வெளியே அம்மா நின்றிருந்ததையும்தான்.

அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மடவார் வளாகம் கோயிலுக்குப் போய், பிள்ளை பிழைத்தால் அவனுக்கு மொட்டை போடுவதாக வைத்தியநாதரிடம் வேண்டிக்கொண்டாள். ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையில் விளையாடக்கூடாது என்று, எனக்கு ஏதோ பெரிய நோய் என்பதைச் சம்பந்தி வீட்டிலும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் நான் மில்லிலிருந்து திரும்பினால், வீடு சாவு விழுந்த துஷ்டி வீடு மாதிரி இருந்தது. மாமனார் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். வழக்கத்தையெல்லாம் ஓரம்கட்டிவிட்டுக் கலைச்செல்வியும் வந்திருந்தாள். நடுவில் ஆப்பிளும் மாதுளையும். "போன்ல நீ பேசுனத எல்லாம் கேட்டுட்டேன்லே," என்று அம்மா அழுத பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

மாமனார் தொண்டையைச் செருமினார். "மாப்ளே, எந்த இடத்துல கோளாறு?"

"தலையில."

அம்மா சுவரோடு சாய்ந்தாள்.

"தலைக்குள்ளயா?"

"வெளிய."

"வெளியன்னா?"

வாயால் சொல்ல முடியாமல், குனிந்து முடியை விலக்கிக் காட்டினேன். அவர் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"இதுக்கா விசா?"

கல்யாணம் கோவிந்தா என்று முடிவுகட்டிவிட்டேன். நோயாளிக்குக்கூட இரக்கப்பட்டுப் பெண் கொடுப்பார்கள், கோமாளிக்கு யார் கொடுப்பார்கள்?

கலைச்செல்விதான் வாயைத் திறந்தாள். "எனக்கு இது அன்னைக்கே தெரியும்ப்பா. பொண்ணு பாக்க வந்தப்ப அவிய ஃபேனுக்குக் கீழதான ஒக்காந்திருந்தாவ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது, அவள்மேல் ஆசையும் கூடிப்போனது.

கல்யாணம் தப்பியது. முடி தப்பவில்லை. "நோய் இல்லன்னு ஆயிருச்சுல்லா, அது சாமி செயல்தான்," என்று சொல்லி, இருந்ததையும் அம்மா வழிக்கவைத்தாள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா! கல்யாண ஆல்பம் முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைதான்.

தூரத்துச் சொந்தங்களுக்கு நோய்ச் செய்தி போய்ச் சேர்ந்த அளவுக்கு, அப்படி ஒன்றும் இல்லை என்ற செய்தி போகவில்லை. இன்றைக்கும் கறிவிருந்து என்றால், மனைவி வழியில் சுந்தரபாண்டியத்துப் பெரியத்தை ஒருவர், எல்லோர் இலையிலும் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்து, என் இலைக்கு மட்டும் ரசத்தை எடுக்கிறார்.

"மாப்ளைக்கு இன்னும் மருந்து ஓடுதுல்லா?" என்று கேட்கிறார்.

பக்கத்து இலையில் எலும்பைக் கடித்துக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டுகிறாள் கலைச்செல்வி.