கச்சால் காலி ஹை

கணினி உலகம் எனக்குப் பட்டிருக்கும் நன்றிக்கடனை வரலாறு இன்னும் உணரவில்லை. ஒரு கிடங்குக்குள் இருக்கும் இன்னொரு கிடங்கைச் சேதாரமில்லாமல் இடம் மாற்ற முடியுமா என்று அந்தமானில் முதன்முதலாகச் சோதித்தவன் நான்.

சுனாமி வீடுகளை ஒதுக்குவதற்கான மென்பொருளை, அபர்டீன் பஜாரில் ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்த எங்கள் நிறுவனம்தான் செய்தது. அங்கே நான் 'சோதனைத் துறைத் தலைவர்'. துறையில் வேறு யாரும் கிடையாது.

எங்கள் வேலையின் ஒவ்வொரு மாற்றத்தையும் வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருள் ஒன்று நினைவில் வைத்திருந்தது. அதில் எல்லாத் தீவுகளுக்குமாக ஒரு பெரிய கிடங்கு. அதற்குள் தீவுக்கொரு குட்டிக் கிடங்கு; அந்தத் தீவுக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் அதில்தான். கச்சால் தீவில் தகரக் கொட்டகைக் குடும்பங்களுக்குப் புது வீடு தயாரானதும் முதலாளி பக்தவத்சலம் ஆணையிட்டார்.

"கச்சாலை 'தற்காலிக' ஃபோல்டர்லருந்து 'நிரந்தர' ஃபோல்டருக்கு நகர்த்துப்பா. உடையாம நகருதான்னு டெஸ்ட் பண்ணு."

நகர்த்தினேன். பிழை என்று காட்டும் சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. என் கணினியில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. 'மாபெரும் வெற்றி' என்று அறிவித்தேன். ஆய்வுக் கூட்டம் நடத்திச் சமோசா தின்றோம்.

மறுநாள் பெரிய கிடங்கின் புதுப் பிரதி வீட்டுச் சாவி கொடுக்கும் கவுன்ட்டருக்குப் போனது. மதியம் ஒரு பெண்மணி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"நான் வேலாயி. கச்சால் ரப்பர் தோட்டம். சாவி வாங்க கப்பல்ல வந்தேன். கவுன்ட்டர்ல 'கச்சால் காலி ஹை'ங்கிறான். எங்க ஆளு ஒருத்தர் பேருமே இல்லியாம். கம்ப்யூட்டர்காரங்கள போய்க் கேளுன்னு அனுப்பிட்டான்."

என் தவறு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் நிபுணன் விளக்கம் சொல்லாமல் இருக்கக்கூடாது.

"அம்மா, பெரிய கிடங்குக்குக் குட்டிக் கிடங்கோட விலாசம் மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கிறது தெரியாது. அதைத் தனியா அனுப்பணும்."

"அனுப்பினீங்களா?"

"இல்லை."

"அப்ப நாங்க எங்க இருக்கோம்?"

"என் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கீங்க."

அவர் என் கணினியை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிலோன்லருந்து கச்சாலுக்கு அனுப்பினாங்க. கடல் வந்து தகரத்துக்குள்ள தள்ளிச்சு. இப்ப இந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டீங்களா? தம்பி, ஜல்தி வெளிய எடு. நாளைக்குக் கப்பல விட்டா அடுத்தது எப்பன்னு அந்தக் கடலுக்கே தெரியாது."

என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். இணையமோ அன்று நடக்கக்கூட மனமில்லாமல் தவழ்ந்தது. குட்டிக் கிடங்கை நான் அனுப்ப அனுப்ப, அது பாதி வழியில் நின்றது. நின்றபோதெல்லாம் வேலாயி, "போச்சா?" என்றார். பக்தவத்சலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கவுன்ட்டர் மூடும் நேரத்தில் கச்சால் போய்ச் சேர்ந்தது. வேலாயியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். சாவி கிடைத்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கப்பல் ஜெட்டிப் பக்கம் நடந்தார்.

நான் அலுவலகம் திரும்பியதும் பக்தவத்சலம் கதவைத் திறந்தார்.

"நம்ம பேர் கெடாம ஒரு ரிப்போர்ட் எழுதிடுப்பா."

எழுதினேன். இன்றுவரை எங்கள் நிறுவனம் புதிதாகச் சேருபவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டும் அறிக்கை அது:

"இடமாற்றச் சோதனை முழு வெற்றி. கிடங்குக்கு ஒரு கீறல்கூட இல்லை. காணாமல் போனவர்கள் மனிதர்கள் மட்டுமே."