நிர்வாக இயக்குநர் முடி துறந்த படலம்

வாழி! ஏழடுக்கு மாடங்களின் (உள்ளதைச் சொன்னால் மூன்றடுக்கு) நெற்றிக்கு வெண்ணிறம் தீட்டியவனும், ஏணியைத் தேராகவும் தூரிகையை வேலாகவும் கொண்டவனும், ஈரச்சுவர்ப் படைகளைப் புறங்கண்டவனும், 'நிர்வாக இயக்குநர்' என்று தனக்குத்தானே பொன்னெழுத்தில் அச்சிட்டுக்கொண்ட அட்டைகளைச் சட்டைப்பை அம்பறாத்தூணியில் சுமப்பவனுமாகிய பெயிண்டர் வாழி!

கட்டட வேலைகள் நின்று, இரு திங்கள் கூலியற்று, வாடகை என்னும் கூற்றுவன் வாசலில் நின்று செருமிய வேளையில், வேலையிழப்புக் காப்பீடு இல்லாத தொழிலாளருக்கு இழந்த கூலியில் பாதி தரப்படும் என்று அரசு முரசறைய, மனுவுக்குக் கடைசி நாளாகிய அன்று, பிளாஸ்டிக் ஃபைலைக் கேடயமாய் மார்பில் அணைத்து, வரிசை என்னும் பெருங்கடலை அங்குலம் அங்குலமாக நீந்தி, மூன்றாம் கவுன்டராகிய கோட்டைவாயிலை அடைந்தான் நம் வீரன். அவனுக்குப் பின்னால், அதே கடலில் தத்தளித்தபடி, மனைவியின் அண்ணனாகிய தச்சர்.

"என்ன வேலை? ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றாள் கண்ணாடிக்கு அப்பால் ரப்பர் ஸ்டாம்ப் ஏந்தி வீற்றிருந்த நங்கை.

அந்தோ! ஆண்டாண்டாய் ஊறிய பெருமிதம் கையை இழுக்க, பொன்னெழுத்து அட்டையை உருவி, நாணேற்றும் வில்லாளியின் மிடுக்கோடு நீட்டினான்.

"நிர்வாக இயக்குநரா? சார், இது கூலிக்குப் போறவங்களுக்கு. முதலாளிங்களுக்குக் கிடையாது. அடுத்த ஆள் வாங்க."

எய்த கணையே திரும்பி மார்பில் தைத்தது. முதலாளியாய் நிமிர்ந்து வெறுங்கையோடு வீடு திரும்புவதா, கூலியாய்க் குனிந்து வாடகை கொடுப்பதா? ஊழிக்காற்றென மூச்சிழுத்து, மின்விசிறிகளும் ஒருகணம் தயங்க முழங்கினான்:

"நான் முதலாளி இல்லம்மா! தினக்கூலி! பெயிண்ட் அடிச்சாத்தான் சோறு!"

"என் தங்கச்சியக் கேட்டு வந்தப்ப, கம்பெனில அஞ்சு பேருன்னீங்களே மாப்ளே?"

"ஏணி, வாளி, ரெண்டு பிரஷ்... அஞ்சாவது நான்தான் மச்சான்."

வரிசைக்கடல் கரைபுரண்டு சிரித்தது. நங்கையும் இரங்கி, "தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போதும்" என்று அருளினாள். தச்சர் காதிலிருந்த பென்சிலைத் தவிர்த்து, பேனாவை உடைவாளென உருவி, 'இவர் எந்தக் காலத்திலும் முதலாளி அல்ல' என்று பொறித்தார்; பன்னிரண்டாண்டுப் பேரரசு சரிந்தது; மனுவின்மீது முத்திரை இடியென இறங்கியது.

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ரெண்டு பேருக்கும் மச்சானே டிக்கெட் எடுத்தார்.