முகத்துக்குப் பூசுவதும் மேஜைக்குப் பூசுவதும்

என் மனைவியை ஒரு தடவையாவது வாதத்தில் ஜெயித்தே தீருவது என்று முடிவு கட்டினேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஆனால் இந்தத் தடவை அவளே வந்து என் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டாள்.

நான் தச்சன். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. நானும் என் கூட்டாளியும் பழைய மேஜை நாற்காலிகளுக்கு உயிர் கொடுக்கிறவர்கள். எங்கள் கை பட்டு எழுந்து நிற்காத சாமான் இந்த ஊரில் கிடையாது, என் மனைவி முகம் பார்த்துப் பொட்டு வைக்கும் கண்ணாடி மேஜையைத் தவிர. அதன் ஒரு கால் கழன்று, மூன்று வருஷமாகச் செங்கல்மேல் நிற்கிறது. வாத்தியார் பிள்ளை மக்கு என்றால் தச்சன் வீட்டு மேஜை நொண்டியாகத்தானே இருக்கும்? "ஞாயிற்றுக்கிழமை பண்ணித் தரேன்" என்று சொல்லியிருந்தேன். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

அந்த மேஜைமேல்தான் அன்று காலை இரண்டு டப்பாக்கள் உட்கார்ந்திருந்தன.

"என்ன இது?"

"பெருசு கொலாஜன் பொடி. சின்னது மரப்பிசின் க்ரீம். நாளையிலேர்ந்து பொடியப் பால்ல கலந்து குடிக்கப்போறேன். தோல் சுருங்காதாம்."

நான் சிரித்த சிரிப்பில் பட்டறையிலிருந்து கூட்டாளி எட்டிப் பார்த்தான்.

"கொலாஜன்னா என்னன்னு தெரியுமா? மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சினா வர்றது. அதுக்கு வச்சிரம்னு பேர் வெச்சு நாங்க நாற்காலிக்கு ஒட்டுறோம். மரப்பிசினா? வார்னிஷ்ல போடுற குங்கிலியம்! அதையே எண்ணெயில குழைச்சு என் குதிகால் வெடிப்புக்கும் தடவிக்கிறேன்."

"அதான் உங்க குதிகால் மட்டும் அவ்வளவு இளமையா இருக்கா?"

"பேச்ச மாத்தாதே. ரெண்டுமே என் பட்டறைச் சரக்கு."

"பட்டறைச் சரக்குன்னா ஒட்டணும்ல? இந்தப் பொடிய வெச்சு எதையாவது ஒட்டிக் காட்டுங்க, பாப்போம்."

"காட்டினா?"

"இந்த ஜென்மத்துல கொலாஜன் பக்கமே போகமாட்டேன். உங்க கூட்டாளி முன்னாடியே, 'என் புருஷன் சொன்னதுதான் சரி'ன்னு சொல்றேன்."

பத்தொன்பது வருஷமாகக் கேட்காத வாக்கியம். நினைக்கும்போதே காது குளிர்ந்தது.

"காட்டலேன்னா?"

"க்ரீமப் பூசிக்கிட்டு ஒரு வாரம் பட்டறையில உக்காருங்க. வர்றவங்க பாக்கட்டும்."

"சரி! எதை ஒட்டணும்?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பாவம், ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. "இந்த மேஜைக் கால்தான் கைக்கு எட்டுது" என்று இழுத்தாள். பிறகு, கூட்டாளியின் மனைவியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

வச்சிரச் சட்டியைக் கழுவி, வெந்நீருக்குள் இறக்கிப் பொடியைக் கரைத்தேன். பொசபொசவென்று நுரைத்தது. உசத்தியான சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். தடவி, துளையில் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு மணி நேரம் காத்திருந்தேன். கிளாம்பை எடுத்ததும் மேஜைக் கால் என் காலில் விழுந்தது. இந்த வீட்டில் என் காலில் விழுந்த ஒரே ஜீவன் அதுதான்.

"அது ஒட்டாதுண்ணே" என்றான் கூட்டாளி.

"வாய மூடு."

ஒரு வாரம் முகத்தில் க்ரீமோடு உட்கார்ந்தால் தொழில் என்ன ஆவது? நிஜ வச்சிரத்தைக் காய்ச்சினேன். கால் கல்லாக நின்றது. வெற்றி என்றால் முழு வெற்றியாக இருக்கட்டும் என்று, மேஜை முழுவதும் உப்புத்தாள் தேய்த்து, குங்கிலிய வார்னிஷ் இரண்டு கை பூசினேன். திறக்காத இழுப்பறைக்கு மெழுகு தடவினேன். மிச்சப் பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். க்ரீமை என் குதிகாலில் வழித்துப் பூசினேன். உசத்தி க்ரீம் உசத்திதான், அப்படியொரு சுகம்!

பொழுது சாய்ந்ததும் மனைவி வந்தாள். மேஜையை ஆட்டினாள். அசையவில்லை. இழுப்பறையை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

"நெசமாவே என் பொடியிலதான் ஒட்டினீங்களா?"

"என் உளிமேல சத்தியமா!"

"இந்தப் பளபளப்பு?"

"எல்லாம் உன் க்ரீம்தான்."

அவள் கூட்டாளியைக் கூப்பிட்டு, கணீரென்று சொன்னாள்: "என் புருஷன் சொன்னதுதான் சரி."

ஆகா! என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மறுக்காமல் சொன்னாள். கூட்டாளி டீ குடிக்கப் போய்விட்டான். கேட்க ஆளில்லாததால் மூன்றாவது தடவை நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது கூட்டாளியின் மனைவி பின்வாசல் வழியாக வந்தாள். முன்வாசற்படியில் நான் நிற்பதைக் கவனிக்கவில்லை.

"அக்கா, வேலை முடிஞ்சுதா? என் காலி டப்பாக்களக் குடுங்க. எங்க கட்டில் ரெண்டு வருஷமா ஆடுது. பெருசுல நீங்க சமையல் சோடாதானே போட்டீங்க?"

"ஆமா. சின்னதுல அவரோட குதிகால் மருந்து."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரே தாவலில் உள்ளே போனேன்.

"அடிப்பாவி! சமையல் சோடா எப்படி ஒட்டும்?"

மனைவி புது மேஜைக் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டே, திரும்பாமல் கேட்டாள். "ஏங்க, உளிமேல சத்தியம் பண்ணீங்களே?"

சமையல் சோடாவால் மேஜைக் கால் ஒட்டிய முதல் தச்சன், உங்கள் முன்னால் நிற்கிறேன்.