பந்தில்லாமல் பன்னிரண்டு வாரம்

உலக உதைபந்தாட்ட வரலாற்றை இனி இரண்டாகப் பிரிக்க வேண்டும்: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாலை வகுப்பு தொடங்குவதற்கு முன், தொடங்கியதற்குப் பின். நான் மிகைப்படுத்துகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. வகுப்புக் குறிப்புக் கொப்பியைத் திறந்து மீண்டும் சரிபார்த்தேன். மிகைப்படுத்தவில்லை.

வகுப்பின் முழுப்பெயர் 'பெண்களுக்கான பந்துக் கட்டுப்பாடு மற்றும் முதல் தொடுகைச் சான்றிதழ் பாடநெறி'. வருகிற பந்தை முதல் தொடுகையிலேயே காலடியில் நிறுத்தப் பழகுவதுதான் நோக்கம். பன்னிரண்டு வாரம், செவ்வாயும் வியாழனும், மாலை நான்கு மணி. நூற்றுக்கு எண்பது வீத வரவு கட்டாயம். முடிவில் தோட்டத்துக்கு ஒருவர் மாவட்டப் பெண்கள் அணிக்குப் போகலாம்.

எங்கள் தோட்டத்தில் அந்த ஒருவர் யார் என்பதில் ஆரம்பத்தில் ஒரு தப்பபிப்பிராயம் நிலவியது. எல்லோரும் சுலக்ஷனா என்று நினைத்தார்கள். சுலக்ஷனாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் கொழுந்து பறிப்பவள், வயது பத்தொன்பது. எங்கள் மைதானம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே சரிவில் இருக்கிறது. காலில் பட்டு நழுவும் பந்து தேயிலைக்குள் உருண்டு, வடிகானைத் தாண்டி, ஆற்றோரம் போய்த்தான் நிற்கும். விட்டவர்தான் இறங்கி எடுத்துவர வேண்டும். போய்வர அரை மணி நேரம். நான் இறங்கிய நாட்களைக் கணக்கு வைத்ததில்லை. சுலக்ஷனா ஒருநாளும் இறங்கியதில்லை.

"எப்புடிடீ ஒனக்கு மட்டும் பந்து நிக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலைலருந்து மலை ஏறி எறங்கி காலு கழண்டு போகுது. பந்து பின்னாடியும் எறங்கச் சொல்றியா? அதான் விடுறதில்ல."

இது விஞ்ஞானபூர்வமான விளக்கம் அல்ல என்பதைப் பிற்பாடு வகுப்பில் அறிந்துகொண்டேன்.

வகுப்பை நடத்தும் செயற்றிட்டம் அனுப்பிய பயிற்றுநர் பிரதீபன் சேர் கண்டியிலிருந்து வந்தார். முதல் வாரம் 'தொடுகை' என்பதன் வரைவிலக்கணம். இரண்டாம் வாரம் பாதத்திலுள்ள இருபத்தாறு எலும்புகள். மூன்றாம் வாரம் நான் துணிந்து கேட்டேன்.

"சேர், பந்து?"

"பந்து இருக்கு. அலுமாரில பத்திரமா பூட்டியிருக்கு. அது செயற்றிட்டத்தோட சொத்தும்மா. அழுக்கானா கையெழுத்துப் போட்ட நான்தான் பதில் சொல்லணும்."

இந்தப் பொறுப்புணர்ச்சியிலிருந்து பிறந்ததுதான் 'கற்பனைப் பந்து' முறை. சேர் வெறுங்கையால் எறிவார். நாங்கள் வெறுங்காலால் நிறுத்துவோம். எல்லோருடைய பந்தும் நின்றது. என்னுடையது மட்டும் இரண்டு அடி தள்ளிப் போனது. அதையும் நேர்மையாக எழுதிவைத்திருக்கிறேன்.

சுலக்ஷனா முதல் வகுப்புக்கே நாலே முக்காலுக்கு வந்தாள், வேலைக்காக இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல்.

"நாலு மணின்னா நாலு மணி," என்றார் சேர்.

"தராசு நாலரைக்குத்தானுங்க சேர் மலைக்கு வருது. கொழுந்த நிறுக்காம வந்தா அரை நாள் பேருதான் போடுவாங்க, அரைச் சம்பளந்தான்."

"அப்ப தராசைக் கொஞ்சம் முன்னாடி கொண்டுவரச் சொல்லுங்க."

"நீங்களே தொரைகிட்ட சொல்லுங்களேன்."

சேர் சொல்லவில்லை. தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசுவது பாடத்திட்டத்தில் இல்லை. வரவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினார்.

"இங்கதானே சேர் நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க. ஆனா வரலை."

நிர்வாகத்தில் இவ்வளவு துல்லியத்தை நான் கண்டதில்லை. பன்னிரண்டு வாரமும் அவள் இப்படியே நின்றாள், வரவில்லை.

எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. அப்பா தோட்ட ஆபிஸில் கிளாக்கர். எங்கள் கோட்டர்ஸிலிருந்து வகுப்புக்கு நான்கு நிமிட நடை. இருபத்து நான்கு வகுப்புக்கும் போனேன். எழுத்துப் பரீட்சையில் தொண்ணூற்று இரண்டு. மாவட்ட அணிக்கு என் பெயர் போனது.

அன்றே சுலக்ஷனாவிடம் போனேன். "நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடவா?"

"குடுப்பியா?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டு முடிவெடுப்பது முறையல்ல.

அடுத்த ஞாயிறு அயல் மாவட்டத்துடன் போட்டி. எங்கள் பக்கத்தில் பதினொரு தோட்டங்களிலிருந்து பதினொரு சான்றிதழ்கள் இறங்கின. செயற்றிட்டத்தின் பந்தை அன்றுதான் நேரில் கண்டோம். ஒரு கீறல் இல்லை. அது என்னிடம் வந்தது. பாடநெறிக் கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் உள்ளபடி பாதத்தை வைத்தேன். பந்து பதினேழாம் பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

ஒன்பதுக்குப் பூச்சியம். ஒன்பது, அவர்கள்.

இடையில் ஒருமுறை என் காலில் பட்ட பந்து கோட்டைத் தாண்டி வெளியே பறந்தது. அங்கே, பார்க்க வந்திருந்த சுலக்ஷனா ரப்பர் செருப்புக் காலை நீட்டினாள். பந்து அவள் காலடியில் அப்படியே படுத்துக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. செயற்றிட்ட இணைப்பாளர் கணேசமூர்த்தி ஓடிவந்தார்.

"யாரும்மா நீங்க? பாக்க வந்தவங்க பந்தைத் தொடக் கூடாது!"

"நான் எங்கங்க தொட்டேன்? நிப்பாட்டுனேன். உங்க புள்ளைங்கதான் தொட்டுகிட்டே இருக்காங்க, ஒண்ணும் நிக்கல."

திங்கட்கிழமை மீளாய்வுக் கூட்டம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கூட்டக் குறிப்பை என்னிடமே ஒப்படைத்தார்கள். தோல்விக்குக் காரணம்: பயிற்சிக் காலம் போதாமை. தீர்மானம் ஒன்று: பன்னிரண்டு வாரம் இருபத்து நான்காக உயர்த்தப்படும். தீர்மானம் இரண்டு: பார்வையாளர் பக்கம் கயிறு கட்டப்படும்.

"வகுப்பு நேரத்தப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார் இணைப்பாளர்.

நான் கையை உயர்த்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க கௌசி."

"கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா சேர்?"

தண்ணீர் வந்தது. குடித்தேன். பிறகு, 'வகுப்பு நேரம் மாலை நான்கு மணி. அனைவராலும் ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று எழுதினேன். ஓர் எழுத்துக்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. பன்னிரண்டு வாரத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.