வருகிற செப்டம்பரில் டாக்டருக்குப் படிக்கப் போகிறவர்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கி, அதைக் காட்டி ஒரு வேலையும் வாங்கி, கல்யாணமும் முடித்து, முன்மண்டை முடி மெல்லப் பின்வாங்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது, தான் பிறந்ததே வைத்தியம் பார்க்கத்தான் என்று கண்டுபிடித்தவர். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் ஐந்தாறு வருடம் படிக்கிற மருத்துவத்தைப் பட்டதாரிகளுக்கென்று நாலே வருடத்தில் சுருக்கி நடத்துகிறார்கள் எங்கள் நாட்டில். அதில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். சேரப் போகிறவர்களோ நாடு முழுக்க இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது இனத்தைப் பற்றி. இந்த இனத்தில் ஒருவனைத் தினமும் சவரம் செய்கிற கண்ணாடியில் பார்ப்பதால் எனக்கு விவரங்களுக்குப் பஞ்சமில்லை.

பெயர் மெர்வின். வயது முப்பத்தாறு. வேல்ஸ் நாட்டு லனெல்லியில் பூகோள வாத்தியார். நதி ஏன் வளைந்து போகிறது என்று பதினோரு வருடம் சொல்லிக் கொடுத்தவன். மாணவர்கள் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? ரொம்ப சுலபம். மூன்று நிமிடம் பேச விடுங்கள். மழையைப் பற்றி ஆரம்பித்தாலும் சரி, ரக்பி ஆட்டத்தைப் பற்றி ஆரம்பித்தாலும் சரி, மூன்றாவது நிமிடத்தில் எப்படியாவது சுற்றி வளைத்து அங்கே வந்துவிடுவார். போன வருடம் எங்கள் ஊர் ரக்பி கிளப்பில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். "இங்க யாராவது டாக்டர் இருக்கீங்களா?" என்று கத்தினாள் பீர் ஊற்றுகிற பெண். நான் சட்டென்று எழுந்து நின்றேன்.

"இன்னும் இல்லை!" என்றேன்.

கிளப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. விழுந்தவர்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்ததாக ஞாபகம்.

"அப்ப மூடிக்கிட்டு உக்காரு," என்றாள் அவள்.

இந்த 'இன்னும்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் நாங்கள் உயிர் வாழ்கிறோம். எங்களுடைய மற்ற வியாதிகளெல்லாம் நுழைவுத் தேர்விலிருந்து வருகின்றன. அதில் ஒரு பகுதி கட்டுரை; எந்தத் தலைப்புக்கும் இரண்டு பக்கமும் வாதாடி அரை மணியில் முடிக்க வேண்டும். இப்படி ஆறு மாதம் பழகியவனிடம் அவன் மனைவி "டீ போடட்டா?" என்று கேட்டால் என்ன ஆகும்? "ஒரு கோணத்தில் பார்த்தால்..." என்று ஆரம்பிப்பான். என் மனைவி நெரிஸ் ஒருநாள் கெட்டிலை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்தது, கற்றுக்கொள்ளும் வியாதி. சாதாரண மனுஷன் சைக்கிளிலிருந்து விழுந்தால் முட்டியைப் பார்ப்பான். நாங்கள் நோட்டுப் புத்தகத்தைத் தேடுவோம். 'இந்த நிகழ்வு எனக்கு மன உறுதியைக் கற்றுத் தந்தது.' வேலைக்குப் பிந்திப் போனால் நேர மேலாண்மை, மாமியாரோடு சண்டை வந்தால் குழுப்பணி, ரொட்டி தீய்ந்தால் சொந்தக் குறையை உணர்தல். விண்ணப்பத்தில் நம்மைப் பற்றி நாமே நாலாயிரம் எழுத்துக்குள் எழுத வேண்டும், காற்புள்ளியையும் சேர்த்து. அந்த நாலாயிரத்துக்குத் தீனி போட வருடம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நாய் செத்தபோது ஆறுதல் சொல்லப் போனேன். திரும்பி வரும்போது என் மனசுக்குள் ஓடியதை வெளியே சொன்னால் அந்த வீட்டுக்காரர் என் மேல் கல்லை விட்டு எறிவார். எண்பது எழுத்து தேறியது.

மூன்றாவது, தலைச் சாய்ப்பு. யாராவது துக்கம் சொன்னால் தலையை இடது பக்கமாக லேசாகச் சாய்த்து, புருவத்தை நெரித்து, "இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு என்னால நினைச்சுப் பாக்கவே முடியல" என்று சொல்வது. யூட்யூபில் சொல்லித் தருகிறார்கள். எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டதும் அதனால்தான்.

இதெல்லாம் பழக ஒரு நிஜ மனுஷன் வேண்டுமே? அதற்குத்தான் முதியோர் இல்லம். வியாழக்கிழமை தோறும் சம்பளமில்லாமல் போய் உதவி செய்வேன். விண்ணப்பத்தில் காட்ட, இத்தனை மணி நேரம் என்று இல்லத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அங்கே என் கையில் சிக்கியவர் இத்வால் ப்ராசர். தகரத் தொழிற்சாலையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். என் நேர்காணல் பயிற்சிக்கு அவர்தான் நோயாளி. அவருக்குத் தீராத வியாதி என்று நான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். மொத்தம் பதினேழு தடவை சொல்லியிருக்கிறேன்.

"மறுபடியும் சாகப் போறேனா?" என்பார், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

"ஐயா, நீங்க கொஞ்சம் அதிர்ச்சியாகணும்."

"எத்தனை தடவைடா அதிர்ச்சியாவேன்? நீ தலைய சாய்க்கறப்ப எனக்குச் சிரிப்புதான் வருது. நேரா உக்காந்து சொல்லித் தொலை."

விளையாட்டு இந்த அளவில் நின்றிருந்தால் பரவாயில்லை. முதல் வருடம் தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் போனது. இரண்டாம் வருடம் விண்ணப்பம் போட்ட நாலு கல்லூரியும் கதவைச் சாத்தின. மூன்றாம் வருடம் நேர்காணல் வரைக்கும் போய், 'ஏன் நர்ஸ் வேலைக்குப் போகக் கூடாது?' என்ற கேள்விக்கு நாலு நிமிடம் நதிகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். நாலாவது வருட விண்ணப்பம் போட்ட அன்று நெரிஸ் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கோபப்படவில்லை.

"இங்க பாரு மெர்வின். நாலு கோடைக்காலமா நாம எங்கயும் போகல. 'அடுத்த வருஷம் எந்த ஊர்ல இருப்போமோ'ன்னு நீ சொன்னதால இந்த வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட்கூட அடிக்கல. நீ டாக்டரானா எனக்குச் சந்தோஷம். வாத்தியாரா இருந்தாலும் சந்தோஷம். ஆகப் போறவனா இருக்கறதுதான் என்னால தாங்க முடியல. இதான் கடைசி. சரியா?"

"சரி," என்றேன். மனசார சொன்னேன்.

நாலு கல்லூரியில் ஒன்றே ஒன்று கூப்பிட்டது.

எங்கள் நேர்காணல் எப்படி நடக்கும் தெரியுமா? ஒரு நீளமான நடை, எட்டு அறை. ஒவ்வொரு கதவிலும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதைப் படிக்க இரண்டு நிமிடம், உள்ளே ஆறு நிமிடம். மணி அடித்தால் அடுத்த கதவு. சில அறையில் கேள்வி கேட்பார்கள். சில அறையில் நோயாளியாக, அழுகிற உறவினராக, கோபக்கார அண்டை வீட்டுக்காரராக நடிக்க நிஜ நடிகர்களை உட்கார வைத்திருப்பார்கள். முதல் நாலு அறையும் நன்றாகவே போயின. சத்தியமாகச் சொல்கிறேன், நதிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாவது கதவுக் காகிதத்தில் ஒரே சொல்: 'ஓய்வு.'

சாதாரண மனுஷன் என்ன செய்வான்? உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். நான் நாலு வருடம் பழுத்தவன் ஆயிற்றே! இணையத்தில் எங்கள் இனத்தார் கூடிப் புலம்புகிற இடத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: 'ஓய்வு அறை என்று ஒன்று கிடையாது. அங்கேதான் உண்மையான சோதனை.' கதவைத் திறந்தேன். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தரையில் மண்டியிட்டு, சுவரிலிருந்த வெந்நீர் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடேயப்பா, ஒரு சோதனைக்காக ரேடியேட்டரையே கழற்றியிருக்கிறார்களே என்று அசந்துபோனேன்.

"வணக்கம். என் பேரு மெர்வின். உங்கள நான் எப்படிக் கூப்பிடலாம்?"

"பெவ்," என்றாள், திரும்பாமல். "நாற்காலி அங்க இருக்கு கண்ணு."

"பெவ், இதுவரைக்கும் நடந்தத உங்க வார்த்தையில சொல்ல முடியுமா?"

"வால்வு போச்சு."

தலையைச் சாய்த்தேன். "அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு என்னால நினைச்சுப் பாக்கவே முடியல."

இப்போது திரும்பிப் பார்த்தாள். "உனக்கு உடம்பு சரியில்லையாப்பா?"

பிரமாதமான நடிப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். "இந்த வால்வு விஷயத்தத் தவிர, மனச அழுத்தற மாதிரி வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்து என் சட்டையில் பாதியை நனைத்தது. அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அச்சில் ஏற்ற முடியாது. எந்த நாடகப் பள்ளியும் அப்படிச் சொல்லித் தராது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் நடிகை இல்லை. இது ஓய்வு அறை. ரேடியேட்டர் ரிப்பேர் பார்க்க வந்தவளிடம் மூன்று நிமிடமாக நான் வைத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இருவருமாகத் துணியைப் போட்டு ஒற்றினோம். தண்ணீர் நின்றது. பெவ் பின்னால் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நீ கேட்டதால சொல்றேன்," என்றாள். மேலங்கிப் பையிலிருந்து ஆஸ்பத்திரி முத்திரை போட்ட ஒரு உறையை எடுத்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. "காலையில வந்துச்சு. மார்புல எடுத்த ஸ்கேன். பிரிக்கவே பயமா இருக்கு. நீ டாக்டரா?"

"இல்லை," என்றேன்.

'இன்னும்' வரவில்லை. நாலு வருடத்தில் முதல் தடவை.

"சரி. அப்ப கூடவே உக்காரு," என்று அவள் உறையைக் கிழித்தாள். நான் தரையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் படிக்கப் படிக்க உதடு அசைந்தது. "திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. இருபத்தி மூணாம் தேதி. வேற ஒண்ணும் எழுதல."

இத்வாலிடம் பழகிய வசனத்தில் எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. மணி அடித்தது. நடையில் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. வீரமெல்லாம் இல்லை, அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.

"கூட வர யாராவது இருக்காங்களா?"

"தங்கச்சி இருக்கா. இன்னும் சொல்லல."

"இன்னிக்கே சொல்லுங்க."

"சொல்றேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போப்பா, உன்னத் தேடப் போறாங்க. சட்டைய மன்னிச்சுக்கோ."

ஆறாவது கதவுக் காகிதத்தைப் படிக்க எனக்கு நேரம் மிச்சமில்லை. உள்ளே ஒரு நடிகர். அவருடைய பூனையை நான் காரேற்றிக் கொன்றுவிட்டேனாம், அதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். எனக்குத்தான் அது தெரியாதே. ஈரச் சட்டையோடு நின்று "நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தேன்.

மூன்று மதிப்பெண்ணில் போனது. ஏப்ரலில் கடிதம் வந்தது, அறைவாரியாக மதிப்பெண் பட்டியலோடு. ஆறாவது அறைக்குக் கிடைத்ததை இங்கே சொல்ல மாட்டேன். ஐந்தாவது அறைக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். நாலு வருடத்தில் நான் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது அந்த ஒரு அறையில்தான். அதற்கு மதிப்பெண் கிடையாது.

நெரிஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் அழுதேன். அதை நோட்டில் குறிக்கவில்லை. மறுவாரம் கூடத்துச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்தோம்.

வியாழக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போனேன். இத்வால் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டா, எல்லாம் ஊத்திக்கிச்சுன்னு சொன்னாங்களே. இனிமே எதுக்கு வர்ற? கையெழுத்துக்கூட வேண்டாமே உனக்கு."

"சும்மா வந்தேன் ஐயா."

"அப்ப நான் இன்னிக்குச் சாக வேண்டாம்?"

"வேண்டாம்."

"அப்பாடா," என்று பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

ஆக, நான் தெளிந்துவிட்டேன். இப்போது நான் வெறும் பூகோள வாத்தியார். யாராவது மயங்கி விழுந்தால் உட்கார்ந்தே இருப்பேன். போன வாரம் இந்தக் கதையை எழுதி முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன், காற்புள்ளியையும் சேர்த்து. நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. பெவ்வை வைத்துக்கொண்டு நதியை வெட்டினால் சரியாக வரும் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. நெரிஸிடம் சொல்லிவிடாதீர்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்ல வேண்டும். பெவ் அந்த உறையைக் கிழித்தபோது, அவளுக்கு இருபத்து மூன்றாம் தேதி என்ன ஆயிற்று என்று கவலைப்பட்டீர்களா, இல்லை இதிலிருந்து மெர்வின் என்ன கற்றுக்கொண்டான் என்று தேடினீர்களா? கொஞ்சம் கண்ணாடியில் பாருங்கள். தலை நேராகத்தான் இருக்கிறதா?

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் பதினைந்து.