நாலு பக்கமும் ஒரு பார்சல் கடலைமிட்டாயும்

கோவில்பட்டி
12.3.2003

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அப்பா காசிராஜன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அம்மா, மிளகாய் வத்தல் கடை மூவரும் சுகம். அங்கு உன் சுகத்தோடு விடுதிச் சாம்பாரின் சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. டைப் அடிக்க ராஜமணியிடம் கொடுத்த உன் எம்.பில். ஆய்வேட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன். முப்பதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் உனக்கு ஒரு வருடம் வீண் என்று தெரியும். கோபப்படாமல் படி. ராஜமணி கடைக்கே வந்து, "அண்ணாச்சி, பழைய வத்தல் சந்தையைப் பத்தி நாலு பக்கம் வருதுல்லா, அதை நான் போன வருசமே அடிச்சிருக்கேன்" என்றான். "ஏலே, எம் மக இந்த வருசந்தானல எழுதுனா?" என்றேன். "அது வேற பிள்ளை. மேற்கோள் குறி போட்டு, அடியில இன்னார் புத்தகம், இன்ன பக்கம்னு எழுதியிருந்துச்சு. உங்க பிள்ளை ஒண்ணுமே போடல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். விளாத்திகுளத்துக்காரன் வத்தலை நம் சாக்கில் கொட்டி, நம் மார்க்கைக் குத்தி அனுப்பினால் அந்தக் கடைக்கு என்ன பெயர் தாயீ?

உன் அம்மாவோ, "புத்தகத்தைப் பாத்து எழுதாம ஆகாசத்தைப் பாத்தா எழுதுவா? பெத்த பிள்ளையப் போயி திருடிங்குதீயளே!" என்று எனக்குச் சோறு வைக்கவில்லை.

பசியோடு அந்த நாலு பக்கத்தையும் படித்தேன். வத்தல் வண்டி வரும்போது மாடும் தும்மும், வண்டிக்காரரும் தும்முவார் என்று போட்டிருக்கிறதே, உண்மை. ஒரு வத்தலைக் காதோரம் குலுக்கி, விதைச் சத்தத்திலேயே எந்த ஊர்க் கரிசல் என்று சொன்னவரைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. நான் மூட்டை சுமந்த கடையின் முதலாளி நாகலாபுரம் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியும் அச்சு அசல் இப்படித்தான். ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார் போல.

சரக்கு எடுத்தால் உடையவரிடம் சொல்ல வேண்டுமே. அந்தப் பிள்ளை அடியில் எழுதியிருந்ததை ராஜமணியிடம் கேட்டு வாங்கி, சென்னைப் பேராசிரியர் சுந்தரபாண்டிக்கு, "என் மகள் தங்கள் நாலு பக்கத்தை எடுத்துவிட்டாள், பொறுத்தருளவும்" என்று எழுதி, மூன்று கிலோ கடலைமிட்டாயும் பார்சல் அனுப்பினேன். பத்து நாளாகப் பதில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்துக்கே எழுதிவிட்டாரோ என்னவோ. ஆகவே அந்த நாலு பக்கத்தையும் உருவிவிடு. சொந்தமாக அரைப் பக்கம் எழுதினாலும் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. கழுகுமலை முருகன் உனக்குத் துணையிருப்பான். உன் அம்மா எனக்கு எதிராக உனக்குத் துணையிருக்கிறாள்.

இப்படிக்கு
அப்பா

பி.கு. கடிதத்தை ஒட்டப் போகையில் பேராசிரியரின் பதில் வந்துவிட்டது. மிட்டாய் தீர்ந்துவிட்டதாம். அனுமதியெல்லாம் வேண்டாம், மேற்கோள் குறிக்குள் போட்டு அடியில் பெயர், நூல், பக்கம் எழுதினால் போதுமாம். அதற்குக் கீழே, "கடை விலாசத்தைப் பார்த்ததுமே ஞாபகம் வந்துவிட்டது. 87இல் மழைக்கு ஒதுங்கிய எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வரை இதையெல்லாம் சொன்னதே உங்கள் கடையில் நீங்கள்தானே! எத்தனை கேட்டும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அதனால்தான் 'ஒரு வியாபாரி சொன்னது' என்று போட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது ஞாபகம் வருகிறது. கையில் நோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. விற்பனை வரி ஆபீசர் என்று நினைத்துவிட்டேன். அந்த வருடத்துக் கணக்கைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் முப்பது வருடத்துக்கு முந்திய சங்கதியாகவே பேசிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பெயரையும் சொல்லவில்லை; அவர் வீட்டுக்கும் ஆபீசர் போய் நின்றுவிட்டால்?

ஆகவே ஒரு பக்கத்தையும் உருவாதே. குறி போட்டு, பேராசிரியர் பெயரை எழுது. அதன் கீழேயே, அப்பா சொன்னதாகப் போட்டு, வத்தலைக் குலுக்கிக் கேட்டவர் நாகலாபுரம் சங்கிலிப்பாண்டி என்றும் எழுது. அவிய போயிச் சேந்து பல வருசமாச்சு. இனி எந்த ஆபீசரும் அவியளத் தேடிப் போக முடியாது.