யாருடைய காற்றை எடுத்து விட்டாய்?

ஒரு காட்டில், ராஜாவாக இருப்பதில் சலிப்புத் தட்டிய ஒரு சிங்கம் இருந்தது. குகை அலுத்துவிட்டது, கல்தரையும் அலுத்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஆற்றங்கரையில் கூடாரம் போட வந்த மனிதர்கள் சிலர், தண்ணீர் குடிக்க வந்த யானையைக் கண்டதும் போட்டது போட்டபடி ஓட்டம் பிடித்தார்கள். அவர்கள் விட்டுப் போன சாமான்களில் ஒரு பெரிய காற்று மெத்தையும், கால் பம்பும், காற்றழுத்தம் பார்க்கிற ஒரு மீட்டரும் இருந்தன. "இனி நமக்குப் படுக்கை ஆற்றங்கரையில்தான்" என்று ராஜா அறிவித்துவிட்டார்.

மெத்தையைப் பராமரிக்கும் வேலை மருதையன் என்கிற உடும்புக்குக் கிடைத்தது. வேலையோடு சேர்த்து மணல்மேட்டில் ஒரு பொந்தும் கொடுத்தார்கள். மருதையனுக்கு வேலையைவிடப் பொந்துதான் பெரிது. அவன் மனைவி பூவாயிக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. வெயில் படுகிற, ஈரம் ஏறாத மணல் அந்தக் காட்டிலேயே அங்கே மட்டும்தான் உண்டு. மெத்தைக்கு ஏதாவது ஆகி ராஜா குப்புற விழுந்தால், அன்றைக்கே பொந்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மருதையன் மேதாவி ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறவன். காலைக் குளிரில் அடித்த காற்று வெயில் ஏற ஏற வீங்குகிறது, சாயங்காலம் தொய்ந்து போகிறது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டான். அதனால் காலையில் கொஞ்சம் தளர்வாகவே விடுவான். வெயில் ஏறியதும் மீட்டரை வைத்துப் பார்ப்பான். முள் பச்சைக் கோட்டைத் தாண்டியிருந்தால் வால்வைத் திறந்து சிறிது காற்றை வெளியே விடுவான். பொழுது சாய்ந்ததும் பம்பை மிதித்துக் குறைந்ததைச் சேர்ப்பான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திறப்பு விழா வைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றும் வரைக்கும்.

குத்துவிளக்கு ஏற்றினால் மேடையில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு திரி ஏற்ற வேண்டும், ஒருவரை விட்டுவிட்டால் ஆயுசுக்கும் மறக்க மாட்டார், இல்லையா? காட்டில் விளக்குக்கு வழி இல்லை. ஆகவே வந்திருக்கும் பெரியவர்கள் எல்லாம் ராஜாவின் மெத்தைக்கு ஆளுக்குக் கொஞ்சம் காற்று அடிக்க வேண்டும் என்று விழாக் கமிட்டி முடிவு செய்தது. மைக்கே தேவைப்படாத குரல் என்பதால் மயில் தொகுத்து வழங்கியது.

"முதலாவதாக, நம் கமிட்டித் தலைவர் யானை பெருமாக்கண்ணு அவர்கள் காற்று அடித்துச் சிறப்பிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்!"

யானையின் காலைப் பம்பு தாங்காது. அது வால்வில் துதிக்கையை வைத்து ஊதியது. பிறகு கரடி, காட்டெருமை, காட்டுப்பன்றி, போன தடவை கமிட்டியில் இருந்தவர்கள், அடுத்த தடவை கமிட்டிக்கு வர ஆசைப்படுகிறவர்கள் என்று வரிசை நீண்டது. வெயிலும் ஏறிக்கொண்டே போயிற்று. மருதையன் மீட்டரைப் பார்த்தான். முள் பச்சையைத் தாண்டிவிட்டது. நைசாகப் போய் வால்வைத் திறந்தான். புஸ் என்று சத்தம் வந்தது.

"டேய்! யாரோட காத்தைடா எடுத்து விடறே?" என்று கரடி பாய்ந்தது.

"யாரோடதுன்னு இல்லீங்கய்யா. கொஞ்சம் கூடுதலா இருக்கு. வெயில்ல இன்னும் வீங்கும், வெடிச்சிரும்."

"வால்வுக்குப் பக்கத்துல என் காத்துதான் இருந்துச்சு. போனது என்னோடதுதான்."

"அதெப்படி? உள்ளே இருக்கறதுல முக்கால்வாசி நான் ஊதினது," என்றது யானை. "போனதும் என்னோடதாத்தான் இருக்கும்."

"எங்க பன்னிக் கூட்டத்துக் காத்துன்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா?" என்று காட்டுப்பன்றி கண் கலங்கியது.

வெடிக்கும் என்று மருதையன் தொண்டை வறளக் கத்திப் பார்த்தான். யார் கேட்டார்கள்? மரியாதைக்கு அடித்த காற்றை எடுத்தது குற்றம், அதற்குப் பரிகாரமாக எல்லாரும் இன்னொரு முறை அடிப்பது என்று தீர்மானமாயிற்று. அடித்தார்கள். முள் சிவப்புக்குப் போனது. மெத்தை உருண்டு திரண்டு, ஒட்டுப் போட்ட இடமெல்லாம் கிரீச் என்றது.

"ராஜா வந்துகொண்டே இருக்கிறார்!" என்று மயில் அகவியது.

பூவாயி பொந்திலிருந்து தலையை நீட்டினாள். "ஏங்க, மூட்டையக் கட்டட்டுமா?"

"பொறு புள்ள," என்றான் மருதையன். இந்த நிலையில் இவளை எந்த ஈரப் பொந்துக்குக் கூட்டிப் போவது? அழுகையே வந்துவிட்டது. காற்றைச் சேர்க்க இவர்களுக்குக் காரணமே வேண்டியதில்லை. எடுக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள். எடுப்பது என்று சொன்னால்தானே வம்பு?

ராஜா மெத்தையில் ஏறக் காலைத் தூக்கினார். மருதையன் ஓடிப் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ராஜா! இது பெரியவங்க எல்லாரும் பக்தியோட குடுத்த காத்து. உங்க பார்வை பட்டதும் பிரசாதமாயிருச்சு. உங்க கையால ஆளுக்குக் கொஞ்சம் குடுத்துட்டுத்தான் ஏறணும். அதுதான் முறை."

"முறையா? எங்கப்பா காலத்துல இப்படி ஒண்ணும் இல்லையே?"

"அப்போ மெத்தை இல்லீங்களே, ராஜா. அதனால விட்டுப்போச்சு."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. வால்வைத் திறந்தார். யானை கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தியது. புஸ்.

"ஆகா! உடம்பெல்லாம் சிலிர்க்குது!" என்றது யானை.

கரடி முண்டியடித்து வந்து தலையைக் கொடுத்தது. அடுத்தது காட்டுப்பன்றி. முள் சிவப்பிலிருந்து இறங்கிப் பச்சைக்கு வந்து நின்றது. "போதும் ராஜா, பூர்த்தியாயிருச்சு!" என்றான் மருதையன். அவன் குரல் கூட்டத்தில் அமுங்கிப் போயிற்று. தலைவருக்கு நீளமாக வந்தது, எனக்குக் குட்டையாக வந்தது என்று கரடி இரண்டாம் முறை வந்தது. கமிட்டிக்காரர்களுக்குத் தனி வரிசை போட்டார்கள். வர முடியாத மாமியாருக்கு என்று காட்டெருமை ஒரு சுரைக்குடுக்கையில் பிடித்து, இலையால் இறுக்கி மூடி எடுத்துப் போயிற்று.

கடைசி முயல் தலையைத் தாழ்த்தியபோது வால்விலிருந்து ஒன்றும் வரவில்லை. அப்படியும் அது கன்னத்தில் போட்டுக்கொண்டு போனது.

ராஜா படுத்தார். கூழாங்கற்களின் மேல் விரித்த வெறும் துணிதான் அது. முதுகில் ஒரு கல், விலாவில் ஒரு கல்.

"எப்படி இருக்குங்க ராஜா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

தன் கையாலேயே வாரிக் கொடுத்ததைப் பற்றி ராஜா என்ன குறை சொல்ல முடியும்? "பரம சுகம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பின்னே? என் காத்தாச்சே!" என்றது யானை.

"என் காத்து!" என்றது கரடி.

மெத்தையில் காற்றே இல்லாததால் பராமரிப்பு வேலையை ரத்து செய்தார்கள். மருதையனைப் பிரசாத அதிகாரியாக்கி, மணல்மேட்டுப் பொந்தைப் பரம்பரைக்கும் எழுதி வைத்தார்கள். பூவாயி நிம்மதியாக முட்டையிட்டாள். பௌர்ணமிதோறும் மெத்தையை நிரப்பிக் காலி செய்கிறார்கள். ராஜா தவறாமல் வந்து கல்லில் படுத்துவிட்டுப் போகிறார்.

நீதி: அதிகமாக இருப்பதைக் குறைக்கப் போகிறேன் என்று சொல்லாதே, அடிக்க வருவார்கள். பிரசாதம் என்று சொல். வரிசையில் நின்று அவர்களே காலி செய்துவிட்டு, உனக்கு வீடும் கொடுப்பார்கள்.